"நேத்தும் இங்கதான் இருந்துச்சா?"

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். உங்கள் கட்டுரையைப் படித்திருந்ததால் ஒரு பகலைச் சூரிய ஆய்வகத்துக்கென்றே ஒதுக்கினோம். பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லிப் பையனைக் கூட்டிப்போனேன். பார்த்தது திரையில் ஒரு வெள்ளை வட்டம், ஒரு வண்ணப்பட்டை, சுவரில் பழைய படங்கள். அரை மணியில் வெளியே வந்துவிட்டோம். பகலில் போனது எங்கள் தவறா? வட்டத்துக்குள் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. "இது நேத்தும் இங்கதான் இருந்துச்சாப்பா?" என்று பையன் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பகலில் போனதில் தவறே இல்லை. அந்த ஆய்வகத்துக்கு வேலை நேரமே பகல்தான். அதிலும் விடிகாலை. தரை சூடேறுவதற்கு முன் காற்று அடங்கியிருக்கும்போது எடுக்கும் படம்தான் தெளிவாக வரும். வெயில் ஏறினால் தார்ச்சாலைக்கு மேல் கானல் நெளியுமே, அந்த நெளிவு, நீங்கள் திரையில் பார்த்த சூரிய வட்டத்தின் விளிம்பிலும் வந்துவிடும். இரவு வானம்தான் வேண்டுமென்றால் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான். பார்வையாளர் அனுமதியை விசாரித்துவிட்டுப் போங்கள்.

உங்கள் பையன் கேட்டானே, அந்தக் கேள்வியோடு நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த இடம் அது. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை மழை பொய்த்துச் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். உங்கள் பையன் பார்த்ததுபோன்ற சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் மழைக்கும் தொடர்பிருக்கலாம் என்று அன்று பலர் நம்பினார்கள். சூரியனை விடாமல் கவனித்தால் அடுத்த பஞ்சத்தை முன்னமே அறியலாம் என்ற எதிர்பார்ப்பு வலுத்தது. 1899இல் கொடைக்கானலில் ஆய்வகம் எழ அது ஒரு முக்கியக் காரணம். மழைக் கணக்கு கைகூடவில்லை. கவனிப்பது மட்டும் நிற்கவில்லை.

1904இல் கால்சியத்துக்குரிய ஊதா ஒளியில் சூரியனைப் படமெடுக்கத் தொடங்கினார்கள். முதலில் கண்ணாடித் தகடு, பிறகு படச்சுருள். வானம் திறந்த நாளெல்லாம் எடுத்தார்கள். புள்ளிகள் ஒருமுறை பெருகி அடங்கச் சுமார் 11 ஆண்டு ஆகிறது. ஒருவர் வேலையில் சேர்ந்து ஓய்வு பெறுவதற்குள் மூன்று சுற்றுப் பார்த்தால் அதிகம். முந்தியவர் விட்ட இடத்தில் அடுத்தவர் வந்து நின்றதால்தான் இன்று அத்தனை சுற்றுகளையும் வரிசையாக வைத்துப் பார்க்க முடிகிறது. நீங்கள் சுவரில் பார்த்த பழைய படங்களை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

சூரிய ஒளியை நிறம்நிறமாகப் பிரித்துக் காட்டும் அந்த வண்ணப்பட்டையை நீங்கள் வேகமாகக் கடந்துவிட்டீர்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம். கிட்டே போய் நின்றால் பட்டைக்குக் குறுக்கே முடியளவு கனத்தில் கறுப்புக் கோடுகள் தெரியும். மஞ்சளில் ஒட்டினாற்போல இரண்டு உண்டு. சூரியனில் உள்ள சோடியம் அந்த நிறத்தை விழுங்கியதால் வந்த கோடுகள் அவை. சாப்பாட்டு உப்பில் இருக்கும் அதே சோடியம். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் இந்த ஆய்வகத்தில் கரும்புள்ளிகளை ஆராய்ந்தபோது, புள்ளியின் மங்கலான வெளிவட்டத்தில் இத்தகைய கோடுகள் இம்மியளவு விலகியிருப்பதைக் கண்டார். வாயு நம்மை நோக்கியோ விலகியோ நகர்ந்தால் அதன் கோடும் இடம் விலகும். அங்கே வாயு உள்ளிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது என்று அதை வைத்துச் சொன்னார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர். கோட்டின் ஒரு சிறு விலகல், அவ்வளவு தூரத்து ஓட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது!

பையனிடம் சொல்லுங்கள்: முந்தின நாள் அந்தப் புள்ளி அங்கே இல்லை, கொஞ்சம் தள்ளி இருந்தது. சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது. பூமியிலிருந்து பார்க்கும்போது ஒரு சுற்றுக்குச் சுமார் 27 நாள். ஓர் ஓரத்தில் தலைகாட்டும் புள்ளி மறு ஓரம் போய்ச்சேர இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும், அதுவரை கலையாமல் இருந்தால். அளவையும் சொல்லுங்கள். வட்டம் ஒரு சாண் அகலம் என்றால் அதில் நம் பூமி ஒரு கடுகு. பெரிய புள்ளிகள் அந்தக் கடுகையே விழுங்கும்.

நீங்கள் போன தேதி நினைவிருக்குமே. சூரியனையே கவனிக்கும் நாசாவின் எஸ்டிஓ விண்கலம் 2010 முதல் எடுத்துவரும் படங்கள் தேதிவாரியாக இணையத்தில் கிடைக்கின்றன. அன்றைய படத்தையும் முந்தின நாள் படத்தையும் ஒரே அளவில் அச்செடுத்து அவனிடம் கொடுங்கள், ஓர் அளவுகோலோடு. எவ்வளவு நகர்ந்தது என்று அவனே அளந்து பார்க்கட்டும்.