முதல் முகடு ஏன் தள்ளி வருகிறது?

கேள்வி: பாதரச ஆவிக்குள் எலெக்ட்ரான்களை முடுக்கி, மின்னழுத்தம் ஏற ஏற மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் பிராங்க்-ஹெர்ட்ஸ் சோதனையில் பாதரசத்துக்கு 4.9 வோல்ட் என்று படித்தேன். ஆனால் என் கிராஃபில் முதல் முகடு 7 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. குழாய் கெட்டுவிட்டதா, நான்தான் தப்பாக ரீடிங் எடுத்தேனா?

பதில்: இரண்டும் இல்லை. முதல் முகடு எங்கே இருக்கிறது என்பதை விடுங்கள், அடுத்தடுத்த முகடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அது 4.9-ஐ ஒட்டி வந்தால் போதும். எலெக்ட்ரானை வெளியே விடும் கேத்தோடும் அதை இழுக்கும் கம்பிவலையான கிரிட்டும் ஒரே உலோகப் பரப்பு இல்லை என்பதால் இரண்டுக்கும் இடையே தொடுகை மின்னழுத்தம் என்று ஒன்று தானாகவே இருக்கும், மீட்டரில் அது தெரியாது, மொத்த வளைகோட்டையும் பக்கவாட்டில் நகர்த்திவிடும். இடைவெளியை அது தொடாது.

குழாய்க்குள் நடப்பது இதுதான். 4.9 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் (4.9 வோல்ட்டில் முடுக்கினால் ஒரு எலெக்ட்ரான் பெறுவது) சேரும்வரை எலெக்ட்ரான் பாதரச அணுவில் மோதி மோதித் திரும்புமே தவிர, ஆற்றலை அநேகமாக இழக்காது. அந்த அளவைத் தொட்டதும் மொத்தத்தையும் கொடுத்துவிட்டு, கிரிட்டுக்கு அப்பால் எலெக்ட்ரானைப் பின்னுக்குத் தள்ளும் சிறிய தடுப்பு மின்னழுத்தத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும், மின்னோட்டம் சரியும். வாங்கிய அணு 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியாக அதைத் திருப்பித் தரும். 1914-இல் இதைச் செய்த இருவருமே 4.9 என்பது பாதரசத்தின் அயனியாக்க ஆற்றல், அதாவது அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கத் தேவையானது, என்றுதான் முதலில் நினைத்தார்கள் (அது உண்மையில் 10.4 எலெக்ட்ரான் வோல்ட்), அப்படியும் 1925-ஆம் ஆண்டு நோபல் பரிசு அவர்களுக்குத்தான். ஆகவே நீங்கள் குழம்பியதில் தப்பே இல்லை.

அப்புறம், பாதரசத்தை ஆவியாக்கும் அடுப்பு நன்றாகச் சூடாகும்முன் மின்னழுத்தத்தை ஏற்றாதீர்கள். ஆவி குறைவாக இருந்தால் மோதல் குறைந்து, எலெக்ட்ரான்கள் ஆற்றலைச் சேர்த்துக்கொண்டு அணுக்களை அயனியாக்கிவிடும், மின்னோட்டம் எகிறும், முகடே தெரியாது.

கேள்வி: ஆர்கான் பிளாஸ்மாவில் (எலெக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த வாயு) லாங்மியூர் ஆய்வுகோல் என்ற சிறு உலோகக் கம்பியை வைத்து, அதில் வரும் மின்னோட்டத்திலிருந்து வெப்பநிலையைக் கணக்கிட்டால் 23,000 கெல்வின் வருகிறது. கண்ணாடிக் குழாய் ஏன் உருகவில்லை?

பதில்: 23,000 என்பது எலெக்ட்ரான்களின் வெப்பநிலை மட்டும். 1 எலெக்ட்ரான் வோல்ட் என்றாலே சுமார் 11,600 கெல்வின், உங்களுடையது வெறும் 2. ஆர்கான் அணு எலெக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 73,000 மடங்கு கனம், சாதாரண மோதலில் அது அசைந்துகூடக் கொடுக்காது, அதனால் வாயு கிட்டத்தட்ட அறை வெப்பநிலையிலேயே கிடக்கும். எலெக்ட்ரான்களும் அங்கே மிகச் சொற்பம், அதனால் அவை கண்ணாடிக்குக் கொண்டுசேர்க்கும் வெப்பமும் குறைவு. கணக்கில் ஒன்றைச் சரிபாருங்கள்: மின்னோட்டத்தின் மடக்கை (log) எடுக்கும்முன் அதில் அயனிகளால் வரும் பங்கைக் கழித்தீர்களா? பலர் கோட்டைவிடும் இடம் அது.