நூலகமும் ரொட்டியும்

அன்பின் சேர்,

ஹட்டன் பக்கத்தில் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்கான நூலகப் பொறுப்பும் இந்த வருடம் என் தலையில் விழுந்திருக்கிறது. நூலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மண்டபத்தின் ஒரு மூலையை அலுமாரிகளால் மறித்து எடுத்த இடம். மூன்று விஷயங்களில் உங்கள் யோசனை வேண்டும்.

ஒப்படை கொடுத்தால் பிள்ளைகள் டவுனில் கொமினிகேஷனுக்குப் போய் பிரிண்ட் எடுத்து ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். தாங்களே தேடி எழுத என்னென்ன புத்தகங்கள் வாங்கலாம்? ஒரு பட்டியல் தர முடியுமா? அடுத்தது, தமிழ் மன்றமும் விஞ்ஞானக் கழகமும் நூலகத்தில்தான் கூட வேண்டும் என்கின்றன. ஒரே சத்தம். அனுமதிக்கலாமா? மூன்றாவது, இடைவேளையில், அதுவும் மழை நாளில், பிள்ளைகள் சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்துவிடுகிறார்கள். ரொட்டி எண்ணெய் புத்தகத்தில் படுகிறது என்று மற்ற ஆசிரியர்கள் குறை சொல்கிறார்கள். "நூலகம் என்ன சத்திரமா?" என்று அதிபர் கேட்டார். புத்தகம் தொலைந்தால் பொருள் கணக்கெடுப்பில் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் இப்போதைக்கு இடைவேளையில் பூட்டி வைத்திருக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்கம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அது வரும் வரை கொஞ்சம் கண்டிப்பு வேண்டாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்பின் டீச்சர்,

போன மாதம் ஒரு பாடசாலை விழாவுக்கு அழைத்திருந்தார்கள். எந்தப் பாடசாலை என்பது வேண்டாம். புது நூலகத்தைப் பெருமையோடு காட்டினார்கள். கண்ணாடி அலுமாரிகள், உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காத புத்தகங்கள். ஒன்றை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அலுமாரிச் சாவி காரியாலய லாச்சிக்குள் இருந்தது. லாச்சிச் சாவி கிளாக்கரிடம் இருந்தது. கிளாக்கர் லீவு. அன்றிலிருந்து இதே யோசனையாக இருக்கும்போது உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. அதனால் கொஞ்சம் ஏச்சும் விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்றங்கள் கூடட்டும். சத்தம் போடட்டும். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

பட்டியல் விஷயம். ஆசிரியர்கள் என்னிடம் பட்டியல் கேட்கும்போதெல்லாம், ஏற்கனவே அலுமாரியில் என்ன இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியுமா என்ற சந்தேகம் வரும். முதலில் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தரம் பிரியுங்கள். பெ. தூரன் தலைமையில் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழசுதான், அதில் உள்ள விஞ்ஞானத்தை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் அகர வரிசையில் ஒரு விஷயத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிற பழக்கத்துக்கு அது போதும். நம் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களுக்கும் பழைய சஞ்சிகைகளுக்கும் 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளம் இருக்கிறது. மலையகம் பற்றி நிறைய உண்டு. டவுனில் சிக்னல் நல்ல இடத்தில் இறக்கி ஒரு பென் டிரைவில் கொண்டு வந்து பாடசாலைக் கணினியில் போட்டு வையுங்கள்.

கொமினிகேஷன் கடைத் தம்பியைக் குறை சொல்லாதீர்கள். தலைப்பைக் கொடுத்தது நீங்கள்தானே? "நீர்மின்சாரம்" என்று ஒற்றைச் சொல்லை எழுதி அனுப்பினால் பிள்ளை பிரிண்ட்தான் எடுக்கும், நானாக இருந்தாலும் எடுப்பேன். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கும்போது ஒரு பழைய கோயில் தெரிகிறதே, அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, மஸ்கெலியா டவுன் ஏன் இடம் மாறியது என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை அணை கட்டிய வருடத்தைப் புத்தகத்தில் தேடும். அப்புறம் அம்மாயியிடம் போய்க் கேட்கும். அம்மாயி சொல்லும் கணக்கும் புத்தகக் கணக்கும் ஒத்துப்போகாது. எது சரி என்று பிள்ளை உங்களிடம் சண்டைக்கு வருகிற அன்றைக்குத்தான் ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். வரலாறு டீச்சரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

சரி, அந்த வாசிப்புப் பழக்கம். "நம் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்கம் இல்லை." இந்த வசனத்தை இனி எனக்கு எழுதாதீர்கள். நூறு வருடமாகத் துரைமார் சொன்னதை நாம் கடன் வாங்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1920களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் பத்திரிகை நடத்தியது யாருக்காக? வெளியார் எளிதில் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் அவர் புடவை வியாபாரி வேடத்தில் போனார் என்று சொல்வார்கள். அவர் மனைவி மீனாட்சி அம்மையின் பாட்டுகளைச் சின்னச் சின்னப் புத்தகமாக அச்சடித்தது, வாங்கிப் படிக்கவும் பாடவும் லயங்களில் ஆள் இருந்ததால்தானே? எழுத்துத் தெரிந்த ஒருவர் விளக்கைப் பக்கத்தில் வைத்துப் பத்திரிகையை உரக்கப் படிக்க, சுற்றி இருந்து கேட்ட சனம் நம்முடையது. இல்லாமல் போனது பழக்கமா, புத்தகமா? பூட்டிய அறைக்கு முன்னால் நிற்கிற பிள்ளையைப் பார்த்து இவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

இனி இடைவேளைக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற தாய் விடியுமுன் ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் போகிறாள், சுடுவதற்கு மா இருந்தால். 2022இல் கோதுமை மாவின் விலை ஏறியபோது எத்தனை வீட்டில் அந்த ரொட்டி பாதியானது என்று உங்கள் வகுப்பிலேயே பார்த்திருப்பீர்கள். பாடசாலை உணவுத் திட்டம் பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுகிறது. ஐந்தாம் தரத்தில் பசித்த பிள்ளைக்கு ஆறாம் தரத்தில் பசிக்காது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

மணி அடித்ததும் ஆசிரியர்கள் தேத்தண்ணிக்குப் போய்விடுவீர்கள். அதற்குப் பிறகு வகுப்பறையில் நடப்பது உங்களுக்குத் தெரியாது. சாப்பாட்டுப் பெட்டிகள் திறக்கும். "உனக்கு இன்றைக்கு என்ன?" என்று பக்கத்தில் இருப்பவன் கேட்பான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பங்கு போடத்தான் கேட்கிறான். ஆனால் கொண்டு வராத பிள்ளை அந்தக் கேள்வி வருமுன்னரே எழுந்து போய்விட வேண்டும். எங்கே போவது? மழை இல்லாவிட்டால் மைதானம். ஜூன் மாதத்தில் உங்கள் பக்கம் மழை இல்லாத நாள் எது? குழாயடியில் நின்று வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கலாம். கழிப்பறைப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கலாம். தலைவலி என்று மேசையில் கவிழ்ந்து படுக்கலாம், ஆனால் அதைத் தினமும் செய்ய முடியாது, டீச்சர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார். இவை எல்லாவற்றையும் செய்து பார்த்தவன் நான்.

சின்ன வயதிலேயே அறிவுத் தாகத்தோடு நூலகத்தில் பழியாகக் கிடந்தவர் என்று கூட்டங்களில் என்னை அறிமுகம் செய்கிறார்கள். மாலையைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பேன். ஏழாம் வகுப்பில் நான் நூலகத்துக்குப் போனதற்கு ஒரே காரணம், அந்த அறையில் எவரும் எதையும் தின்னவில்லை. கையில் புத்தகம் இருந்தால் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்கள். அதனால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடித்துக்கொண்டே இருந்தால் கண் எத்தனை நாளைக்குச் சும்மா இருக்கும்?

அங்கே பொறுப்பாக இருந்த டீச்சர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை. "டேய், இந்த லேபல்களை ஒட்டு, கூலி தருகிறேன்" என்பார். கூலி ஒரு பணிஸ். அவருடைய தேத்தண்ணிக்கு வந்த பணிஸ் அது என்பது எனக்கு அப்போது தெரியாது. லேபல் தீர்ந்த பிறகு பழைய லேபல்களைக் கிழித்துவிட்டு மறுபடி ஒட்டச் சொன்னார். அதே பாடசாலையில் இன்னொருவர் இருந்தார், காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் "சாப்பாடு கொண்டு வராதவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார். கொடுக்கத்தான் கேட்டார், நல்ல மனுசன். ஒரு கையும் எழவில்லை. "பார்த்தீர்களா, எல்லோரும் கொண்டு வந்திருக்கிறார்கள்" என்று சந்தோஷமாக இறங்கிப் போனார்.

உங்கள் அதிபருக்குச் சத்திரம் எப்போது வசவுச் சொல்லாகிப் போனதோ தெரியவில்லை. மணிமேகலை அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றியவள். இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் அதிபர் பக்கம்தான். நூலகத்துக்குள் சாப்பாடு வேண்டாம். எண்ணெய் பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும், எண்ணெய் பட்ட பக்கத்தையும் வாசிக்கலாம். ஆனால் பெட்டிகள் அங்கேயும் திறந்துவிட்டால், கொண்டு வராத பிள்ளைக்கு இருந்த ஒரே அறையும் போய்விடும். தாழ்வாரத்தில் மழைச் சாரல் படாத இடமாகப் பார்த்து உட்கார இரண்டு நீள வாங்கு போடுங்கள். கொண்டு வந்தவர்கள் அங்கே சாப்பிட்டு, கை கழுவி, உள்ளே வரட்டும்.

கதவு மட்டும் மணி அடிக்கும்போதே திறந்திருக்க வேண்டும். இதை இரண்டு தடவை படியுங்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் பிரயோசனம் இல்லை. இடைவேளையே இருபது நிமிடம்தான், அதில் முதல் பத்து நிமிடம்தான் அந்தப் பிள்ளைக்குக் கஷ்டம். வாரத்துக்கு ஒரு பாடவேளை நூலகம், வரிசையாக வந்து வரிசையாகப் போ என்பதும் இதற்கு ஈடாகாது. நீங்கள் இப்போது செய்திருப்பது என்னவென்றால், பிள்ளைக்குத் தேவைப்படாத நேரத்தில் திறந்துவைத்து, தேவைப்படுகிற நேரத்தில் பூட்டியிருக்கிறீர்கள்.

தொலைந்துபோகும் என்ற பயம். ஒன்றிரண்டு தொலையத்தான் செய்யும். பூட்டி வைத்தால் மட்டும் மிஞ்சுமா? ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் தாளில் பூஞ்சணம் ஏறும். நம் மலையில் மழையும் மூடுபனியுமாக இருக்கிற மாதங்களில் காற்றோட்டம் இல்லாத அலுமாரிக்குள் என்ன நடக்கும் என்று திறந்து முகர்ந்து பாருங்கள். மிச்சத்தை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். கை படுகிற புத்தகம் கிழியும், ஆனால் காற்று வாங்கும். அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் முன்னால் இழுத்துப் போடுங்கள்.

நூலகப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போட்டார்கள். ஆளில்லாத அறையில் இருக்கப் பிடிக்காமல், திரும்பப் படிப்பிக்கவே விடுங்கள் என்று கேட்டவர் அவர். லண்டனுக்குப் போய் நூலக வேலையைப் பார்த்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். போய் வந்தவர் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. முன்னொரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததை அவர் விலாவாரியாக எழுதுகிறார். உங்கள் அலுமாரியைப் பார்த்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார். நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்கிறது. இருபது நிமிட இடைவேளைக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. ஆகவே கையெழுத்து, அனுமதிக் கடிதம், வகுப்பாசிரியர் ஒப்பம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு சீ.ஆர். கொப்பியைக் கதவடியில் வைத்து, பெயர், வகுப்பு, புத்தகம், திகதி என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.

நீங்களும் தேத்தண்ணி குடிக்க வேண்டும், தெரியும். மாணவ நூலகர்களை நியமியுங்கள். ஆனால் தயவுசெய்து முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை, மாணவத் தலைவர் என்று போகாதீர்கள், அவர்களுக்கு ஏற்கனவே சட்டையில் பட்ஜ் குத்த இடமில்லை. இடைவேளையில் பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிற பிள்ளைகள் யார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். கையில் பை இருக்கிறதா என்று பாருங்கள். பை இல்லாத பிள்ளைகளிடம் சாவியைக் கொடுங்கள். "எனக்கு நூலகத்தில் வேலை இருக்கிறது" என்பது சாப்பிடாமல் இருப்பதற்கு நல்ல சாட்டு. அப்புறம் லேபல் ஒட்டக் கொடுங்கள். கூலியை நீங்களே யோசித்துக்கொள்வீர்கள்.

பழைய மாணவர்கள் யாராவது காசு தருவதாகச் சொன்னால் புத்தகம் கேட்காதீர்கள், வாங்கு கேளுங்கள். தாழ்வாரம் ஒழுகினால் அதற்கு முன் தகரம் கேளுங்கள். அதிபருக்கு இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம். இரண்டு மாதம் கழித்துச் சீ.ஆர். கொப்பியைக் கொண்டுபோய், நூலகத்துக்கு வருகிறவர்கள் தொகை இவ்வளவு கூடியிருக்கிறது என்று காட்டுங்கள், அதிபர்மாருக்குத் தொகை பிடிக்கும். எதுவானாலும் ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு முன்பே திறந்துவிடுங்கள். அந்த மாதம் வந்துவிட்டால் பேச்சுப் போட்டியும் ஊர்வலமும் பதாகையும் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், வாசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. புத்தகப் பட்டியலைத் தனியாக அனுப்புகிறேன், அலுமாரியில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதிய பிறகு.