கேளுங்கள், சொல்கிறேன்: கல்லூரியா, கள வேலையா?

கேள்வி: அரசியல் அறிவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் கிராம சபைப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வயது 26. ஆராய்ச்சி செய்யவும் ஆசை, வகுப்பெடுக்கவும் ஆசை. ‘எதையாவது ஒன்றை உருப்படியாகச் செய்’ என்கிறார் அப்பா. மூன்றையும் செய்ய முடியாதா மேடம்?
- வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: முடியும்மா. நானே அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன், கொஞ்சம் தட்டுத் தடுமாறி.

1996 அக்டோபரில், புதிய ஊராட்சிச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் முதல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. ஜெயித்து வந்த தலைவிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் ஆள் எடுத்தது. 23 வயதில் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் கூட்டத்தில் பாதிப் பேர் கணவன்மார்கள். ‘அவளுக்குக் காட்டு வேலை இருக்கு, நீங்க சொல்லுங்க, நான் போய்ச் சொல்லிக்கிறேன்’ என்றார் ஒருவர்.

நான் பயிற்சி கொடுத்த ஓர் ஊரில் குடிநீர்க் குழாய் உடைந்து வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. பணம் இருந்தது, தீர்மானம் போட்டாகிவிட்டது, தலைவியும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் ஊராட்சிக் காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். துணைத் தலைவர் போட மறுத்தார். தலைவி பட்டியல் சாதிப் பெண். வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குழாய்தான் என் முனைவர் பட்டத் தலைப்பானது. பிறகு கல்லூரியில் ஊராட்சிகளுக்கான 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 11ஆவது அட்டவணை, 29 துறைகள் என்று ஒப்பித்தபோது தூங்கிய கடைசி பெஞ்சு, இந்தக் காசோலைக் கதைக்கு எழுந்து உட்கார்ந்தது. பயிற்சிக்குப் போகும்போதும் அதையேதான் இன்றுவரை பேசுகிறேன். வேலை மாறியிருக்கிறது, தலைப்பு மாறவில்லை. நீங்கள் கிராம சபையில் இருக்கிறீர்கள். அங்கே உங்களை உறுத்துகிற ஒன்று கட்டாயம் இருக்கும். அதை முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் நெட், அதாவது கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வு.

நெட் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வேண்டுமென்றால் வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அந்தப் பணம் வாங்கும் காலத்தில் வேறு சம்பள வேலை பார்க்கக் கூடாது. ஆனால் ஜே.ஆர்.எஃப். கடிதம் மூன்று ஆண்டு செல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாஸ் செய்த கையோடு ஓட வேண்டாம். இன்னும் ஓராண்டு களத்திலேயே இருந்து, விஷயத்தோடு பல்கலைக்கழகத்துக்குப் போங்கள். ஆசிரியர் வேலைக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்ற பயமும் வேண்டாம். 2023 ஜூலை முதல் நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு போதும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. மாற்றிவிட்டது. அதற்காகக் கௌரவ விரிவுரையாளர் வேலையிலேயே வருடங்களைக் கழித்துவிடாதீர்கள். வகுப்பெடுத்த பழக்கம் கிடைக்கும், மற்றபடி வீட்டு வாடகைகூடத் தேறாத மாதங்களும் வரும்.

நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிறுவனத்துக்காக நாற்பது தலைவிகளிடம் பேட்டி எடுத்தேன். ஆய்வேட்டுக்குக் கேட்டபோது, ‘அது எங்கள் அறிக்கைக்கு எடுத்தது’ என்று கை விரித்துவிட்டார்கள். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது, நான் படிக்கவில்லை. மறுபடி பஸ் ஏறி ஊர் ஊராகப் போனேன். ஒன்றரை ஆண்டு போயிற்று. பெயரை மறைத்து ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேட்டி கொடுப்பவரின் சம்மதமும் தனியாக வேண்டும்.

அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 1999இல் அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர், வேலையில் இருந்தபடியே ஓர் அமைப்பாகச் சேர்ந்து பொதுநல வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2002இல் தீர்ப்பு வந்தது. வேட்பாளர்கள் இன்று சொத்து விவரமும் குற்ற வழக்கு விவரமும் பிரமாணப் பத்திரத்தில் எழுதுவது அதனால்தான். உருப்படியான வேலையா இல்லையா என்று அவரே சொல்லட்டும்.

கேள்வி: தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. சம்பளத்தில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
- வாசகர், தேனி

பதில்: ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், ‘கன்சல்டன்ட்’ என்று போட்டிருக்கும். அப்படியானால் நீங்கள் வாங்குவது சம்பளம் இல்லை, தொழில்முறைக் கட்டணம். பிடிப்பது வருமான வரி. உங்கள் பான் எண்ணில் அது வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வருட வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கிவிடலாம். பி.எஃப். மட்டும் கிடையாது. அடுத்த ஒப்பந்தத்துக்குத் தொகை பேசும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள், கூச்சப்படாமல்.