பட்டியும் பட்டறையும்: ஆறு ஏக்கருக்கு எந்த உழவு மெசின்?

கேள்வி: ஐயா, கரடியனாற்றுப் பக்கம் எனக்கு ஆறு ஏக்கர் மேய்ச்சல் தரை இருக்கிறது. கினிப் புல்லும் ஊர்ப் புல்லும் கலந்து கிடக்கிறது. பதினான்கு மாடு. ஒவ்வொரு மாரி முடியவும் மாடு தின்னாமல் விட்ட புல் தண்டு முற்றிப் போகிறது. நாயுண்ணியும் சூரைப் பற்றையும் வருடா வருடம் உள்ளே நகர்ந்து வருகின்றன. ஆள் பிடித்து வெட்டிக் கட்டுப்படியாகவில்லை. கையில் 15 இலட்சம் ரூபாய் இருக்கிறது. சின்னதாக ஒரு நான்கு சில்லு மெசின் எடுக்க யோசனை. ஜப்பான் ரீகண்டிஷனா, பழைய மெஸி பெர்கூசனா?
- வாசகர், கரடியனாறு

பதில்: தம்பி, மெசினை விடுங்கள், முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். மெசினுக்குப் பின்னால் மாட்டிப் புல்லையும் பற்றையையும் வெட்டுகிற ஸ்லாஷர் ஐந்தடி அகலம் என்று வையுங்கள். நடை வேகத்தில் போய், வேலி ஓரம் கிறுகி, வெட்டின இடத்தில் கொஞ்சம் ஏறி வெட்டிக்கொண்டு வந்தால் மணித்தியாலத்துக்கு ஒன்றேகால் ஏக்கர் முடியும். உங்கள் ஆறு ஏக்கருக்கு ஐந்து மணித்தியாலம். வருடத்தில் இரண்டு தரம் வெட்டினாலும் பத்து மணித்தியாலம்தான். பத்து மணித்தியால வேலைக்கு 15 இலட்சத்தைப் போட்டால் மிச்ச நாளெல்லாம் அந்த மெசினில் கோழிதான் அடையும்.

என் பேச்சைக் கேட்டால் ஸ்லாஷரை மட்டும் வாங்குங்கள். மெசினை வாடகைக்குப் பிடியுங்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வாடகை மெசினுக்குப் பஞ்சமில்லை. கொத்துக் கலப்பை இருக்கும், ரொட்டவேட்டர் இருக்கும், இழுவைப் பெட்டி இருக்கும். ஸ்லாஷர் வைத்திருப்பவரைத்தான் தேடவேண்டும். விதைப்பு முடிந்து அறுவடை தொடங்குமட்டும் மெசின்காரருக்கும் வேலை குறைவு, கேட்டால் வருவார்கள். தை பிறந்து இரண்டு மூன்று நாள் வெயில் எறித்ததும் தரையில் குதிக்காலை ஊன்றி அழுத்திப் பாருங்கள். தண்ணீர் ஊறினால் மெசினை இறக்க வேண்டாம். சில்லுப் பதிந்த தடத்தில் மண் இறுகிப்போகும், அந்த வருடம் அதில் புல் ஒழுங்காக எழும்பாது.

வெட்டும் உயரம் நான்கு விரலுக்குக் கீழே போகக்கூடாது, கினிக்கு ஒரு சாண் விட்டாலும் பிழையில்லை. மொட்டையடித்தால் அழகாக இருக்கும், ஆனால் அடுத்து முளைப்பது நாயுண்ணிதான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஸ்லாஷரைத் தொடவே வேண்டாம். காய்ந்த கினிக்குள் கத்தி ஒரு கல்லில் பட்டுப் பொறி பறந்தால் உங்கள் ஆறு ஏக்கர் மட்டுமல்ல, பக்கத்துக் காணியும் போய்விடும்.

இல்லை ஐயா, புல்லுக்கட்டு இழுக்க, சாணம் ஏற்ற, தண்ணீர்த் தாங்கி கொண்டுபோக வருடம் முழுக்க வேலை இருக்கிறது என்கிறீர்களா? சரி, அப்போது கதை வேறு. உங்கள் காசுக்குப் புது நான்கு சில்லு வராது. நான் பழைய மெஸி 135 பக்கம்தான் நிற்பேன். பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின், ஏறத்தாழ 45 குதிரைவலு. ஸ்லாஷரின் அகலத்தில் ஓர் அடிக்கு ஐந்து குதிரைவலு என்று வைத்தால் ஐந்தடிக்கு 25. அதுவும் ஸ்லாஷரைச் சுழற்றும் பின்தண்டில் (PTO) வந்து சேரும் வலு. எஞ்சினில் சொல்லும் கணக்கில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். 135 இதற்கெல்லாம் மூச்சு வாங்காது. 1975 இல் வந்த மெசினுக்கும் மட்டக்களப்பில் சாமான் கிடைக்கும், கழற்றிப் பூட்டத் தெரிந்த பெடியனும் கிடைப்பான்.

ஆனால் கிளச்சைப் பாருங்கள். பெயின்ற் அடித்த அழகைப் பார்த்து ஏமாற வேண்டாம். நான் ஏமாந்தவன். ஒரு வியாபாரியிடம் பளபளவென்று ஒன்று வாங்கி, ஸ்லாஷர் மாட்டி, முதல் நாளே வேலி ஓரம் வந்து கிளச்சை மிதித்தேன். எஞ்சின் சத்தம் இறங்கியது, மெசின் நிற்கவில்லை. நாலு வரிசை முள்ளுக்கம்பியையும் இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் போய்த்தான் நின்றது. ஒற்றைக் கிளச். சுழன்றுகொண்டிருக்கும் கத்தியின் பாரம் பின்தண்டு வழியாகக் கியர்பெட்டியைத் திருப்பி, சில்லை முன்னுக்குத் தள்ளியிருக்கிறது. அன்று எனக்கு முன்னால் ஒரு மாடோ பிள்ளையோ நிற்கவில்லை என்பது அதிர்ஷ்டம்.

ஆகவே வாங்கும்போது எஞ்சினை ஓடவிட்டு, பின்தண்டையும் போட்டு, தண்டுக்குக் கிட்ட யாரையும் நிற்கவிடாமல், கிளச்சைப் பாதி மிதியுங்கள். மெசின் நின்று பின்தண்டு தொடர்ந்து சுழல வேண்டும். முழுதாக மிதித்தால் அதுவும் நிற்க வேண்டும். அப்படியென்றால் இரட்டைக் கிளச். ஒற்றை என்றால், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற ஓவர்ரன்னிங் கிளச் ஒன்றைத் தண்டில் போடாமல் ஸ்லாஷர் மாட்டாதீர்கள்.

பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் கிடந்தால், அதை நீக்கிய பிறகுதான் காசு கொடுங்கள். எஞ்சின் நம்பரையும் செசி நம்பரையும் துணியால் துடைத்து உங்கள் கண்ணாலேயே வாசியுங்கள்.

கேள்வி: அப்பா வாங்கி வைத்த சின்ன ஜப்பான் மெசின் இருக்கிறது. எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. பின்தண்டுக் கம்பியில் 1, 2, 3 என்று போட்டிருக்கிறது. ஸ்லாஷருக்கு எதில் போட வேண்டும்?
- வாசகி, தம்பிலுவில்

பதில்: பிள்ளை, நல்ல வேளை போடுவதற்கு முன்னம் கேட்டீர்கள். ஸ்லாஷர் நிமிடத்துக்கு 540 சுற்றுக்குச் செய்தது. ஜப்பானில் அந்த மெசினில் ரொட்டவேட்டர் ஓட்டியவர்களுக்குப் பல வேகம் தேவைப்பட்டது, அதனால்தான் மூன்று. இரண்டிலோ மூன்றிலோ போட்டால் கத்தி கழன்று பறக்கலாம். பெரும்பாலும் 1 தான், ஆனாலும் நம்பாமல் எண்ணிப் பாருங்கள். பற்றரி வயரைக் கழற்றி, எஞ்சின் நிற்கும் கம்பியை இழுத்துவிட்டு, கியரை நியூற்றலில் வைத்து, பின்தண்டை 1 இல் போடுங்கள். தண்டில் சோக்கால் ஒரு கோடு. பிறகு எஞ்சினின் முன்பக்கத்துக் கப்பியை ஸ்பானரால் மெல்லத் திருப்புங்கள். அந்தக் கோடு ஒரு முழுச் சுற்று வர எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். நாலரைக்குச் சற்று மேலே வந்தால், எஞ்சின் 2,500 இல் ஓடும்போது பின்தண்டு 540 இல் ஓடும். ஐந்தடி ஸ்லாஷரை அதற்கு மாட்டாதீர்கள். பின்தண்டில் இருபது குதிரைவலு என்றால் நாலடிக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: இரண்டு சில்லு லேண்ட்மாஸ்டரால் மேய்ச்சல் தரை பராமரிக்க முடியுமா?
- வாசகர், ஓட்டமாவடி

பதில்: வெட்ட முடியாது, கிண்ட முடியும். மேய்ச்சல் தரையைக் கிண்டினால் புல் போய்விடும். ஆனால் நெருப்புப் பாயாமல் வேலியைச் சுற்றி வைகாசியில் ஆறடி அகலத்துக்கு மண்ணைப் புரட்டிவிட அதைவிட மலிவான மெசின் இல்லை. அப்புறம் சீஓ 3 தீவனப் புல் நட்டிருந்தால், 45 நாளுக்கு ஒரு தரம் கத்தியால் வெட்டிய கட்டுகளைப் பெட்டியில் போட்டுப் பட்டிக்கு இழுத்துவர லேண்ட்மாஸ்டரே போதும்.