நிறுத்தினால் எரிகிறது, ஏன்?

கேள்வி: நெஞ்செரிச்சலுக்கு ஒரு வருடமாகப் பான்டோப்ரசோல் 40 (அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, 40 மி.கி.) போடுகிறேன், காலை டிபன் முடிந்ததும். முழுசாகக் கேட்பதில்லை. நிறுத்தினாலோ மூன்றாம் நாளே நெஞ்சு எரிகிறது. ஆயுசுக்கும் இதேதானா? – வாசகர், விருதுநகர்

பதில்: முதலில் நேரத்தை மாற்றுங்கள். இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் பெரும்பாலும் சாப்பிடும்போதுதான் முழுவீச்சில் ஓடும். ஓடுகிற பம்பை மட்டுமே இந்த மருந்து அடைக்கும். ரத்தத்தில் அது தங்குவதும் சில மணி நேரம்தான். ஆகவே டிபனுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, வெறும் வயிற்றில் போடுங்கள். போட்டுவிட்டு டிபனைத் தவிர்த்தால் மாத்திரை பாதி வீண். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாளாகும்.

நிறுத்தியதும் எரிவதை வைத்து நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பல மாதம் அமிலத்தை அடக்கி வைத்தால் அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனை உடல் கூட்டிவிடும். மருந்தை நிறுத்தியதும் அமிலம் பழைய அளவையும் தாண்டிச் சுரக்கும். 2009-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரில் பாதிப்பேருக்கு இதே வகை மருந்தான எசோமெப்ரசோல் 40-ஐ 8 வாரம் கொடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை வந்தது. வெற்று மாத்திரை போட்டவர்களில் 15 சதவீதம்தான்.

எனவே டாக்டரிடம் சொல்லிவிட்டுப் படிப்படியாக இறங்குங்கள். இரண்டு வாரம் தினமும் 20 மி.கி., அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நிறுத்தம். 40-ஐ உடைத்துப் பாதி போடக் கூடாது. மேல்பூச்சு போனால் இரைப்பை அமிலமே மருந்தைச் சிதைத்துவிடும். 20 என்றே கேட்டு வாங்குங்கள். கடையில் டோம்பெரிடோன் சேர்ந்த கேப்ஸ்யூலை நீட்டினால் மறுத்துவிடுங்கள். குமட்டல் இல்லாதவருக்கு அது தேவையில்லை, இதயத் துடிப்பின் தாளத்தையும் குலைக்கக்கூடியது. இடையில் எரிந்தால், அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட் சிரப் 10 மி.லி. போதும்.

வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்களும், அதைத் தடுக்கவென்றே ஆஸ்பிரினோடும் மூட்டுவலி மாத்திரையோடும் இதைப் போடுபவர்களும் தாமாக நிறுத்தக் கூடாது. கறுத்த மலம், விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் மாத்திரையைக் குறைப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் எண்டோஸ்கோபி.

கேள்வி: தைராய்டு மாத்திரை போட்ட கையோடு ஆன்டாசிட் சிரப் குடிக்கலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: கூடாது. அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் மாத்திரையிலுள்ள தைராக்சின் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது. 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். பான்டோப்ரசோல் வகையும் தைராக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கலாம். அதைப் புதிதாகத் தொடங்கினால் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த சிரப்பை டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.