கொல்லையில் வெட்டிய சின்னக் குட்டையைச் சுற்றி கொசுவும் பூச்சியும் சேர்ந்துவிட்டன. என்ன மருந்து போடலாம்?

எந்த மருந்தையும் போடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவு: தவளையும் தட்டானும் குருவியும் வரட்டும் என்று எட்டுக்கு ஐந்து அடியில் ஒரு குட்டை வெட்டி மூன்று மாதம் ஆகிறது. சாயங்காலமானால் கொசு, விளக்கைச் சுற்றிப் பூச்சி, அல்லி இலையில் கறுப்பாக அப்பிக்கொண்டு பேன் மாதிரி ஏதோ, குளவி வேறு. பக்கத்து வீட்டார் குட்டையை மூடச் சொல்கிறார்கள். மீன் விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் குட்டையும் ஏறக்குறைய இதே அளவுதான். தஞ்சாவூருக்குப் பக்கத்தில், 2019 வைகாசியில் வெட்டினோம். பத்துக்கு ஆறு அடி, நடுவில் இரண்டரை அடி ஆழம், பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் ஷீட்டைப் போட்டு அதன் மேல் மண். நீங்கள் சொல்வதை எல்லாம் நாங்களும் பார்த்தோம்.

புதுத் தண்ணீர் தேங்கினால் முதலில் வந்து சேர்வது கொசுதான். முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறந்து போக நம் ஊர் வெயிலுக்கு ஏழிலிருந்து பத்து நாள் போதும். அந்தப் புழுவைத் தின்கிற, தண்ணீருக்குள்ளேயே இருக்கும் தட்டான் குஞ்சு வளர்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும், சில வகைகளுக்கு மாதக்கணக்கில். ஆக, குட்டையில் எதைக் கொன்றாலும் முதலில் திரும்பி வருவது கொசு. கடைசியில் வருவது கொசுவைத் தின்கிறவை. நான் மருந்து வேண்டாம் என்பது பூச்சி மேல் உள்ள பரிவினால் மட்டும் இல்லை. இந்தக் கணக்கினால்தான்.

எங்களுக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன். 2021 கார்த்திகையில் எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்கு டெங்கு வந்தது. எல்லார் கண்ணும் எங்கள் குட்டை மேல். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது தேங்கிய தண்ணீர் எங்கே கண்ணில் பட்டாலும் பயம்தான் வரும். தெருவில் காசு சேர்த்து மருந்தடிக்க ஆள் கூட்டி வந்தார்கள். வேலி ஓரம், சாக்கடை ஓரம், அப்படியே எங்கள் குட்டையோரக் கோரையிலும் அடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் தண்ணீரின் மேல் தட்டான் குஞ்சுகள் விறைத்து மிதந்தன. மல்லாந்து நீந்துமே, துடுப்பு மாதிரி இரண்டு நீளக் கால் வைத்துக்கொண்டு, அந்தப் பூச்சிகளும் ஓரத்தில் குவியலாக ஒதுங்கிக் கிடந்தன. இரண்டு வருஷமாக நாள்தோறும் பார்த்து வந்தவை. வீட்டில் எல்லாருக்கும் அழுகையே வந்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு பார்த்தேன். கிண்ணம் முழுக்கக் கொசுப்புழு நெளிந்தது. அதற்கு முன் அந்தக் குட்டையில் தேடினாலும் நாலைந்துக்கு மேல் கிடைத்ததில்லை. பழைய நிலைக்கு வர அடுத்த ஐப்பசி வரை ஆயிற்று.

கொசுவுக்கு அடிக்கும் மருந்தில் பலவும் பைரித்ராய்டு வகை. மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் அது கடும் நஞ்சு. காற்றில் ஒரு சாரல் வந்து விழுந்தாலே சின்னக் குட்டை தாங்காது. புகை அடிப்பதும் அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீருக்குள் இருப்பது மறுநாள் கிளம்பி வரும்.

மருந்தடித்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, குழந்தையின் அம்மாவும் நானும் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டையும் சுற்றினோம். "தம்பி, உங்க குட்டையிலதான் முதல்ல பாக்கணும்" என்றார் அக்கா. பார்த்தோம். அப்புறம் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, புழங்காமல் கிடந்த ஆட்டுக்கல் குழி, மணி பிளான்ட் வைத்த பாட்டில். எங்கள் மொட்டைமாடியில் பாதி கவிழ்ந்த பெயின்ட் டப்பா, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு. ஐந்திலும் புழு. எங்கள் டப்பாவில்தான் அதிகம். டெங்குக் கொசுவான ஏடிஸுக்கு இப்படி அடைசலான, சுத்தமான, கொஞ்சத் தண்ணீர்தான் பிடிக்கும். மண்ணும் செடியும் எதிரிகளும் உள்ள குட்டை அதற்கு ஒத்துவராது. அது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டவைக்கும். அந்த முட்டை காய்ந்துபோய் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், வாரம் ஒரு தரம். ஏடிஸ் அதிக தூரம் பறக்காது, பெரும்பாலும் ஒன்றிரண்டு நூறு மீட்டருக்குள். உங்களைப் பகலில் கடிக்கிறது என்றால் அது பிறந்த இடம் உங்கள் வீடு, இல்லாவிட்டால் பக்கத்து வீடு.

இரவில் காதோரம் ரீங்காரமிட்டுக் கடிப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். அதற்குச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் போதும். டேங்கின் காற்றுக்குழாய் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள், மூடியில் விரிசல் இருந்தால் சிமென்ட் பூசுங்கள். இந்த ஒரு வேலைக்குப் பிறகு எங்கள் வீட்டில் இரவுக் கொசு குறைந்தது நன்றாகவே தெரிந்தது.

சரி, குட்டைக்கு வருவோம். வெள்ளைக் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓரத்தில் பத்து இடத்தில் மொண்டு பாருங்கள். புழு தலைகீழாகத் தொங்கினால் கியூலெக்ஸோ ஏடிஸோ. நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்தாற்போல் கிடந்தால் மலேரியாக் கொசுவான அனாஃபிலிஸ். கமா மாதிரி சுருண்டு துள்ளுவது கூட்டுப்புழு. அது நிறைய இருந்தால் ஓரிரு நாளில் கொசு பறக்கப்போகிறது என்று அர்த்தம். எந்த இடத்தில் அதிகம் கிடைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுத் தண்ணீரில் கிடைக்காது. பாசி மெத்தை மாதிரி படர்ந்த மூலையிலும், மட்டம் இறங்கும்போது கரையில் தனியாகத் தங்கிவிடும் சின்னப் பள்ளத்திலும், மாடோ நாயோ மிதித்த காலடிக் குழியிலும்தான் இருக்கும். தின்கிற பூச்சி அங்கே போக முடியாது, அதுதான் காரணம். பள்ளத்தை மண் போட்டு நிரப்பிவிடுங்கள். பாசியைக் கையால் அள்ளிக் கரையில் வைத்து, சில மணி நேரம் விட்டுவிட்டு அப்புறம் உரக்குழிக்குக் கொண்டு போங்கள். அதில் சிக்கிய தட்டான் குஞ்சும் நத்தையும் ஊர்ந்து தண்ணீருக்குத் திரும்பிவிடும். ஒரேயடியாக எல்லாப் பாசியையும் எடுக்க வேண்டாம், ஒரு வாரம் ஒரு மூலை.

ஆகாயத்தாமரை போட்டிருக்கிறீர்களா? இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நர்சரியில் அழகாக இருக்கிறது என்று நானும் நாலு செடி வாங்கி வந்தேன். மான்சோனியா என்று ஒரு கொசு இருக்கிறது. அதன் புழு மூச்சு வாங்க மேலே வராது. மூச்சுக்குழாயை இந்தச் செடிகளின் வேரில் குத்தி, அங்கிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும். வேருக்குள் ஒளிந்திருப்பதால் மீனும் அதை எளிதில் பிடிக்காது. கேரளத்தில் சேர்த்தலைப் பகுதியில் ஒரு வகை யானைக்கால் நோய் பரவ இந்தக் கொசுதான் காரணமாக இருந்தது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1980களில் அங்கே வேலை செய்தபோது, குளங்களில் இருந்து இந்தச் செடியை அகற்றுவது முக்கியமான வழியாக இருந்தது. வெங்காயத்தாமரையும் வேண்டாம். அல்லி, நீர்ப்பிரம்மி, ஓரத்தில் வல்லாரை, வசம்பு, கொஞ்சம் கோரை போதும். சம்பங்கோரை வேர் ஷீட்டைக் கிழிக்கும்.

மீன் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கம்பூசியா இலவசமாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அது வட அமெரிக்க மீன், 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். கொசுப்புழுவைத் தின்னும், உண்மைதான். கூடவே தவளை முட்டை, தலைப்பிரட்டை, தட்டான் குஞ்சு, நம் ஊர் மீன்குஞ்சு எல்லாவற்றையும் தின்னும். நீங்கள் தவளைக்காக வெட்டிய குட்டை அது. மழையில் குட்டை நிரம்பி வழிந்தால் வாய்க்காலுக்கும் போய்விடும். கப்பி மீனும் அப்படித்தான். கட்டாயம் மீன் வேண்டும் என்றால், வயல் வாய்க்காலில் தலையில் வெள்ளிப்பொட்டோடு நீர்ப்பரப்பை ஒட்டியே திரியும் சின்ன மீன் இருக்கும், அதில் நாலைந்து விடுங்கள். எனக்குக் கேட்டால் முதல் வருஷம் மீனே வேண்டாம்.

தலைப்பிரட்டை கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் பாசி மேய்வது. வேலை செய்கிறவை வேறு. தட்டான் குஞ்சு, ஊசித்தட்டான் குஞ்சு, மல்லாந்து நீந்தும் பூச்சி, அப்புறம் முதுகில் முட்டைகளை அடுக்கிச் சுமந்து திரியும் ஒரு பழுப்புப் பூச்சி. சுமப்பது ஆண் பூச்சி. பெண் அதன் முதுகில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். இதை முதல் முறை பார்த்த அன்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இவை எல்லாம் தானாகவே பறந்து வரும், விலைக்கு வாங்க வேண்டாம். தட்டான் உட்கார நீருக்கு மேலே நாலு குச்சி நட்டு வையுங்கள். வெயில் படும் குட்டைக்குத்தான் அது வரும், அதனால் மேலே கவியும் கிளையை வெட்டிவிடுங்கள். தட்டான் குஞ்சு முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று நீட்டிப் புழுவைக் கவ்வும். கிண்ணத்தில் விட்டுப் பொறுமையாகப் பாருங்கள், பக்கத்து வீட்டாருக்கும் காட்டுங்கள். நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் இதற்கு ஈடாகாது. எங்கள் தெருவில் அந்த அக்கா மனம் மாறியது அப்படித்தான். மல்லாந்து நீந்தும் பூச்சியை மட்டும் கையில் பிடிக்காதீர்கள், சுருக்கென்று கடிக்கும்.

விளக்கைச் சுற்றும் பூச்சி பற்றி. கொசு போலவே இருந்து, கூட்டமாக மொய்த்து, சுவரில் உட்கார்ந்தபடி காலையில் செத்துக் கிடந்தால் அது கடிக்காத இனம். அதற்குக் குத்தும் ஊசிமூக்கு கிடையாது. குட்டைச் சேற்றில் சிவப்பாக நெளியும் புழு இருக்குமே, அதுதான் அதன் குழந்தைப் பருவம். அதை விட்டுவிடுங்கள், வௌவாலுக்கும் தட்டானுக்கும் அது சாப்பாடு. குட்டைப் பக்கம் வெள்ளை விளக்கு எரிந்தால் மஞ்சள் விளக்காக மாற்றுங்கள், எட்டு மணிக்கு அணைத்துவிடுங்கள். மழை நாளில் எறும்பு போல, கறுப்பும் ஆரஞ்சுமாக ஒல்லியான ஒரு வண்டு விளக்குக்கு வரும். ஆசிட் பூச்சி என்பார்கள். அது கடிப்பதில்லை, நசுக்கினால்தான் அதன் நீர் பட்டுத் தோல் வெந்துபோகும். ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அல்லி இலையில் இருப்பது அசுவினி. ஹோஸால் வேகமாகத் தண்ணீர் அடித்தால் குட்டைக்குள் விழும், மற்றவை தின்றுகொள்ளும். சோப்புக் கரைசலும் வேப்பெண்ணெய்க் கரைசலும் குட்டைச் செடிக்கு ஆகாது. குளவியும் தேனீயும் கோடையில் தண்ணீர் குடிக்கத்தான் வருகின்றன, தேனீ கூட்டைக் குளிர்விக்கவும் தண்ணீர் சுமக்கும். நடமாட்டம் இல்லாத பக்கம் ஒரு சரிவான கல்லைப் போட்டால் அங்கேயே வந்து போகும். கூடு வாசலுக்கு மேலே கட்டியிருந்தால் மட்டும் விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் செய்து, இரண்டு மாதம் கழித்தும் கிண்ணத்தில் புழு குறையவில்லை என்றால் ஒரே ஒரு பொருளைச் சொல்வேன்: பிடிஐ என்ற பாக்டீரியா. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில்தான் அதைக் கண்டெடுத்தார்கள். கொசுப்புழு தின்றால் அதன் குடலில் உள்ள காரத்தன்மையில் இதன் நச்சு வேலை செய்யும். தட்டான் குஞ்சு, தவளை, மீனுக்கு ஒன்றும் ஆகாது. தூளாகவும் திரவமாகவும் கிடைக்கிறது, அட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் போட வேண்டாம். கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை, அதனால் அதன் மேல் இது செல்லாது. போட்ட பிறகும் இரண்டு மூன்று நாள் கொசு கிளம்பத்தான் செய்யும், பயந்துபோய் இன்னும் கொட்டாதீர்கள். பத்து நாள் கழித்துக் கிண்ணத்தோடு மறுபடி போய்ப் பாருங்கள். எவ்வளவு கிடைத்தது, எப்படிக் கிடந்தது என்று இங்கே எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.