பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஒழுகுகிறது. இன்ஜினை இறக்காமல் சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் ஒரு சனிக்கிழமையை முழுதாகத் தொலைத்தோம்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில். பக்கத்து வீட்டு அங்கிளின் 1972 எம்ஜிபி பல வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேரன் அவர். வீட்டில் பேசுவது ஆங்கிலம்தான், ஆனாலும் சில தமிழ்ச் சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1798 சிசி இன்ஜின் உறுமி உயிர்பெற்ற பத்தாவது நிமிடம், குனிந்து பார்த்தவர் "தண்ணி, தம்பி, தண்ணி" என்றார்.

இன்ஜினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கின் பக்கவாட்டில் ஈரம். அங்கே கோர் பிளக் என்னும் தகட்டு மூடிகள் உண்டு. வார்ப்பின்போது உள்ளே இருக்கும் மணலை எடுக்க விட்ட ஓட்டைகளை அடைப்பவை. ஒன்று துருவேறிப் பொரிந்திருந்தது. இதுதான் கள்ளன் என்று முடிவு கட்டிவிட்டோம்.

மூடியின் ஓர் ஓரத்தில் மழுங்கிய உளியை வைத்து மெல்லத் தட்டினால் அது ஓட்டைக்குள்ளேயே திரும்பிக்கொள்ளும்; குறடால் பிடித்து இழுத்துவிடலாம். உள்ளே விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எடுப்பது பெரும் பாடு. எங்கள் மூடி வெளியே வந்ததும் கூடவே கேழ்வரகுக் கூழ் பதத்தில் செம்பழுப்புச் சேறு வழிந்தது. மூடியை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவில் மூன்று ஓட்டைகள். ஹோஸை வைத்துத் தெளிந்த நீர் வரும்வரை கழுவி, விளிம்பை எமரித் தாளால் தேய்த்து, சீலன்ட் தடவி, புதிய பித்தளை மூடியை அதன் கிண்ணத்துக்குள் சரியாக உட்காரும் சாக்கெட்டை வைத்து நேராக அடித்து இறக்கினோம்.

மறுபடி ஓட்டினால், மறுபடி ஈரம்.

அப்புறம்தான் புத்தி வந்து பிரஷர் டெஸ்டர் இரவல் வாங்கினேன். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் பொருத்திக் கையால் காற்றடிக்கும் சின்ன பம்ப் அது. இன்ஜின் ஆறியிருக்கும்போது, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் அடிக்க வேண்டும். எங்கள் ரேடியேட்டர் மூடியில் 10 பவுண்டு அழுத்தம். ஐந்து நிமிடத்தில் முள் 7-க்கு இறங்கியது. சந்தேகப்பட்ட இடங்களில் எல்லாம் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவைத்தேன். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை காய்ந்தே இருந்தது (அது நனைந்தால் பம்ப் போயிற்று என்று அர்த்தம்). நனைந்தது ஹெட்டின் (பிளாக்கின் மேல் உட்காரும் பகுதி) பின்கோடியில் இருக்கும் ஹீட்டர் வால்வைச் சுற்றிய பேப்பர். அதன் இணைப்பில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட் கருவாடாய்க் காய்ந்திருந்தது. அங்கே கசிந்தது பிளாக் வழியே கீழே ஓடி, கோர் பிளக்கின் மேல் பழி போட்டிருக்கிறது. வால்வையும் கேஸ்கெட்டையும் மாற்ற அரைமணி நேரம்கூட ஆகவில்லை. புரட்டாசி சனி என்பதால் அன்று கொண்டாட்டத்துக்கு மட்டன் இல்லை, ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் குழம்பு நிரப்பிய ‘பன்னி சௌ’தான்.

அந்தச் சேறு எப்படி வந்தது? டர்பனில் தண்ணீர் உறையவே உறையாது. அதனால் வெறும் குழாய்த் தண்ணீர் போதும் என்று அங்கிள் நெடுங்காலம் ஊற்றியிருக்கிறார். கூலன்ட் உறையாமல் இருப்பதற்கு மட்டும் அல்ல. அதில் துருவைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது, கொதிநிலையையும் ஏற்றுகிறது. வார்ப்பிரும்பு பிளாக்கும் பித்தளை ரேடியேட்டரும் உள்ள வண்டிக்கு வெறும் தண்ணீர் மெல்லக் கொல்லும் விஷம். பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீரும் பழைய முறைப் பச்சைக் கூலன்ட்டும் ஊற்றுங்கள். ஒழுகலை அடைக்கும் பொடியை நம்பாதீர்கள். சேறு பிடித்த ரேடியேட்டரில் அது ஓட்டையை விட்டுவிட்டுக் குழாய்களை அடைக்கும்.

இன்ஜினை எப்போது இறக்க வேண்டும்? கசிவது கிளட்ச் பக்கம் ஒளிந்திருக்கும் மூடி என்றால் இன்ஜினைக் கழற்றியே ஆகவேண்டும். ஆயிலில் பால்போல நுரை தெரிந்தாலோ, வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் தண்ணீர் குறைந்தாலோ முதலில் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். அதற்கு ஹெட்டைக் கழற்றினால் போதும்.

புதிய ஹோஸ் கிளிப்புகளை முதல் ஓட்டத்துக்குப் பிறகு, ஆறவிட்டு, இன்னொரு முறை முடுக்குங்கள். வடித்த கூலன்ட்டைத் திறந்த வாளியில் வைக்காதீர்கள். அது இனிக்கும், நாய் நக்கினால் செத்துவிடும். எங்கள் தெருவில் நாய்களுக்குக் குறைவே இல்லை என்பதால் கேனில் அடைத்து கராஜில் பூட்டிவைத்திருக்கிறோம்.